மூட்டத்துக்குள் லாரி பழகியது

பெரிய யுத்தம், அதாவது முதலாவது உலக யுத்தம், முடிந்து நாலைந்து வருஷம் கழித்து எங்கள் தோட்டத்துக்கு ஒரு லாரி வந்தது. அதற்கு முன் தேயிலைப் பெட்டிகளெல்லாம் மாட்டு வண்டியில்தான் ஹப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போகும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற ஆலையில், எஞ்சின் அறையில் வேலை. எண்ணெய் விடுவது, பெல்ட் மாட்டுவது, சத்தம் மாறினால் எது கழன்றது என்று காதாலேயே கண்டுபிடிப்பது எல்லாம் எனக்கு வரும். அதனால் லாரியையும் நானே பழக வேண்டும் என்று தோட்டத்து மானேஜரான பெரியதுரை சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் நான் லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு, நடந்து வந்த நடையை என் மனைவி பல வருஷம் சொல்லிக் காட்டினாள்.

எனக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டியவர் துணை மானேஜரான சின்னதுரை. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொழுந்து பறிக்கிற மலையில் ஆட்களிடம் பேசுகிற அளவுக்குத் தமிழ் பிடித்துக்கொண்டிருந்தார். யுத்தத்தின் கடைசி வருஷத்தில் ஆகாய விமானம் ஓட்டப் பழகியவர் என்று பங்களாச் சமையல்காரன் சொல்லி எங்களுக்குத் தெரியும். ஆகாயத்தில் பறந்த மனிதருக்கு இந்த லாரியெல்லாம் எந்த மூலைக்கு என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

மூன்றாவது ஆள் கிளீனர். நாற்பது வயதைத் தாண்டியவர். அதுவரை பெட்டி ஏற்றிய மாட்டு வண்டியை ஓட்டியவர் அவர்தான். மாட்டு வண்டி ஓட்டத்தை நிறுத்தியதும் அவர் கையில் ஒரு முக்கோணக் கட்டையைக் கொடுத்து, லாரி ஏற்றத்தில் நின்றால் பின் சக்கரத்துக்கு அடியில் வைக்கும்படி சொல்லிவிட்டார்கள். அவருக்கு அதில் மனத்தாங்கல். மேக மூட்டத்தில் தான் தூங்கினாலும் மாடுகள் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அடிக்கடி சொல்வார்.

முதல் இரண்டு மாதம் வெயில். நான் நன்றாகவே பழகினேன். பெரகல சந்திக்கு மேலே எங்கள் தோட்டத்து ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி ஹப்புத்தளை ரோட்டில் போய்ச் சேரும். ஒரு லாரி போகிற அகலம்தான். போகும்போது இடப்பக்கம் மலை, மலையடியில் தண்ணீர் ஓடுகிற கான், கானுக்குக் கல் கட்டியிருக்கும். வலப்பக்கம் பள்ளம், பள்ளம் முழுக்கத் தேயிலை. எந்த வளைவில் எந்த கியர் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சின்னதுரை பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு வருவார்.

ஐப்பசி பிறந்ததும் எல்லாம் போயிற்று. எங்கள் பக்கத்தில் மூட்டம் மேலேயிருந்து இறங்காது, கீழேயிருந்து ஏறி வரும். தெற்கே தாழ்ந்த நாட்டிலிருந்து மேகம் மலையிடுக்கு வழியாகப் புகுந்து மத்தியானத்துக்குள் ரோட்டை மூடிவிடும். பிறந்ததிலிருந்து அதற்குள் நடந்தவன் நான். எனக்குப் புதுசா என்று நினைத்தேன்.

முதல் நாள் ஏற்றத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக லாரியை நிறுத்தினேன். கை பிரேக்கை இழுத்துப் போட்டாயிற்று. கிளீனர் இறங்கிப் போனார். பின்னாலிருந்து காற்று அடித்து மூட்டம் எங்களைத் தாண்டி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று லாரி பின்னால் உருளத் தொடங்கியது. வயிற்றில் அது தெளிவாகத் தெரிந்தது. நான் கால் பிரேக்கை மிதித்து, கட்டையைப் போடச் சொல்லிக் கத்தினேன். பின்னாலிருந்து கிளீனர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"கட்டை அப்பவே போட்டாச்சுய்யா. நின்ன எடத்துலதான் நிக்குது."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். சக்கரம் ஒரு விரல்கூட நகரவில்லை. சின்னதுரை என் முகத்துக்குக் கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாயா என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை விட, அடுத்த தடவையும் அதே இடத்தில் அதே மாதிரி உருண்டபோது வந்த ஆத்திரம்தான் பெரிது. நிற்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கோளாறு. இறக்கத்தில் போய்க்கொண்டிருப்பேன், ஏற்றம் வந்துவிட்டது போலிருக்கும். கியரை மாற்றினால் எஞ்சின் அலறும். நீண்ட வலப்பக்க வளைவு ஒன்று முடிந்து ரோடு நேராகும் இடத்தில், லாரி இடப்பக்கம் மலைக்குள் திரும்புகிறது என்று உடம்பு அடித்துச் சொல்லும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிப்பேன். சின்னதுரை எட்டிப் பிடித்து நேராக்குவார், திட்டுவார். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதிக்கு மேல் வசவுதான். மாடு மேய்க்கப் போ என்பார். கண்ணில் பூ விழுந்திருக்கிறதா என்பார். இந்த மாதிரித் தோன்றுகிறது, ஏன் துரை என்று ஒருநாள் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, வேலையைப் பார் என்றார்.

எஞ்சின் அறையில் எதுவும் என்னை இப்படி ஏமாற்றியதில்லை. சத்தம் மாறினால் ஏதோ கழன்றிருக்கும், தேடினால் கிடைக்கும். இங்கே கழன்றது எனக்குள்ளேயே இருந்தது. தேடவும் இடமில்லை. சாப்பாடு இறங்கவில்லை. லயத்தில் யாராவது லாரியைப் பற்றி விசாரித்தால் எரிந்து விழுந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொழுந்து பறிப்பவள். மூட்டத்தில் மலையில் நின்றால் தனக்கும் அப்படித்தான் என்றாள். தேயிலைச் செடி நிரை மாறிப் போய்விடுமாம், மேலே போவதாக நினைத்துக் கீழே இறங்கிவிடுவார்களாம். அதனால் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டே பறிப்பார்களாம்.

"முன்னுக்குப் பாத்தா தலை சுத்தும். நாங்க முன்னுக்குப் பாக்கவே மாட்டோம். காலுகிட்ட என்ன இருக்கோ அதை மட்டும் பாத்துக்கிட்டு போவோம். நீங்க ஏன் அந்த வெள்ளை மூட்டத்தையே பாத்துக்கிட்டு ஓட்டுறீங்க?"

என் காலுகிட்ட என்ன இருக்கிறது என்று யோசித்தேன். கான் கல் இருந்தது. திரும்பி வரும்போது கான் என் பக்கமாக வரும், குனிந்தால் தெரியும். போகும்போதுதான் அது இடப்பக்கம். கிளீனரைக் கெஞ்சி இடப்பக்கப் படியில் நிற்க வைத்தேன். கல்லுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை அவர் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "ஒட்டியிருக்கு", "தள்ளிப் போகுது", அவ்வளவுதான். மாட்டு வண்டிக்காரரானதால் சக்கரத்தைக் கணிப்பது அவருக்கு லேசாக வந்தது. உடம்பு என்ன சொன்னாலும் கேட்காமல் அவர் சொல்வதை மட்டும் கேட்டு ஓட்டினேன். லேசாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். லாரி மலையில் மோதப் போகிறது என்று முழு உடம்பும் கதறும்போது கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். நெற்றியில் வியர்க்கும். ஆனால் லாரி ரோட்டில் போயிற்று. நாலு தடவை அப்படிப் போய் வந்தோம்.

சின்னதுரைக்கு அது பிடிக்கவில்லை. குருடனைக் கையைப் பிடித்து நடத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். ஸ்டேஷனில் மற்றத் தோட்டத்துத் துரைமார் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஐந்தாவது தடவை, மூட்டம் கட்டிய ஒரு பகலில், ஸ்டோர் வாசலிலேயே என்னை இடப்பக்கம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை அவர் எடுத்துக்கொண்டார். எப்படி ஓட்டுவது என்று காட்டப் போகிறாராம். கிளீனர் பின்னால் பெட்டிகளின் மேல் ஏறிக்கொண்டார்.

நல்ல வேகம் போனார். முதல் சில வளைவுகளை அவர் எடுத்ததைப் பார்த்து, என்னிடம்தான் குறை என்று ஒத்துக்கொண்டேன். பிறகு அந்த நீண்ட வலப்பக்க வளைவு வந்தது. பள்ளத்தின் மடிப்பைச் சுற்றிப் போகிற இடம், மூட்டம் அங்கேதான் கட்டிக் கிடக்கும். முன்சக்கரம்கூடத் தெரியவில்லை. நான் பழக்கத்தில் கானையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு முடிந்து ரோடு நேரானது. கல் சக்கரத்துக்குப் பக்கத்தில் நேராக ஓடியது. பிறகு விலகத் தொடங்கியது.

"கான் தள்ளிப் போகுது தொரை" என்றேன்.

வாயை மூடு என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த முகம் அது. என் முகமும் அந்த இடத்தில் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ரோடு நேரா இருக்குங்க. திருப்பாதீங்க."

கையை நீட்டினேன். அவர் முழங்கையால் தட்டிவிட்டார். அடுத்த நொடி வலப்பக்க முன்சக்கரம் கீழே இறங்கியது. லாரி மெதுவாகத்தான் சாய்ந்தது. இரண்டு நிரை தேயிலைச் செடியைப் படுக்க வைத்துவிட்டு, மூன்றாவது நிரையில் பக்கவாட்டில் விழுந்து நின்றது. பழைய செடிகள், அடிமரம் தொடைக் கனம். அவைதான் எங்களைத் தாங்கின. பெட்டிகள் உடைந்து தேயிலைத்தூள் ஈர மண்ணில் கொட்டியது. கிளீனர் முன்பே குதித்துவிட்டார். சின்னதுரைக்கு நெற்றியில் ஒரு வெட்டு. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவர் சாய்ந்த லாரியின் மேல் உட்கார்ந்துகொண்டு நெற்றி ரத்தத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு இங்கிலீஷில் ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஆபீஸ் வாசலில் விசாரணை. பெரியதுரை வந்து நின்றார். கிளாக்கரய்யா ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்ததை வாசித்தார். லாரி பழகுகிற ஆள் மூட்டத்தில் ரோட்டை விட்டு இறக்கிவிட்டான் என்று அதில் இருந்தது. அவர் வேண்டுமென்று எழுதவில்லை. பழகுகிற ஆள் நான்தானே, வேறு யார் ஓட்டியிருப்பார்கள் என்று அவரே முடிவு செய்திருக்கிறார். நான் சின்னதுரையைப் பார்த்தேன். நெற்றியில் கட்டோடு நின்றிருந்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஓட்டலைங்க" என்றேன்.

பெரியதுரை கிளீனரைக் கேட்டார். பின்னால் இருந்ததாகவும், மூட்டத்தில் முன்னால் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை என்றும் கிளீனர் சொன்னார். ஸ்டோர் வாசலில் நான் இடம் மாறி உட்கார்ந்ததைப் பார்த்தவர் அவர். அவருக்கு நாலு பிள்ளைகள், லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா, அதைத் தவிர உலகத்தில் வேறு இடமில்லை. எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. பெரியதுரை சின்னதுரையை ஒருதரம் பார்த்தார். அவருக்கு விஷயம் அப்போதே விளங்கிவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். போதும் என்று கையைக் காட்டினார். கை சரியானதும் நான் எஞ்சின் அறைக்கே திரும்பிப் போக வேண்டும், இனி லாரியைத் தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று.

டாக்டரய்யா கட்டிவிட்ட கையோடு லயத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பார்க்க வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். பழகும்போது விழுவது சகஜம் என்றார்கள். நான் ஓட்டவில்லை என்று சொன்னால் தலையை ஆட்டுவார்கள், போகும்போது மனைவியிடம், மனசைத் தேத்திக்கச் சொல்லு என்பார்கள். அவள் ஒருத்திதான் நம்பினாள்.

எஞ்சின் அறைக்குத் திரும்பி ஒரு மாதம் இருக்கும். சின்னதுரை தனியாக உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதற்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் போலும். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசினார்.

"உனக்கு வந்தது எனக்குத் தெரியும். உன் தப்பு இல்லே. மேகத்திலே எல்லார் உடம்பும் பொய் சொல்லும்."

பிறகு தன் கதையைச் சொன்னார். தமிழ் போதாத இடத்தில் கையால் காட்டினார். விமானம் பழகுகிற பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே அறையில் மூன்று பேர். மேகத்துக்குள் எப்படி ஓட்டுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். சொல்லிக் கொடுப்பவர்களுக்கே தெரியாதாம். நேராகப் பிடி, மறுபக்கம் வெளியே வந்துவிடுவாய் என்பார்களாம். இவர் முதல் தடவை உள்ளே போனபோது நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல நேராக உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றியது. கண் முன்னால் இருந்த கருவியின் முள் வேகம் ஏறுகிறது, கீழே பாய்கிறாய் என்று காட்டியது.

"உடம்பு சொல்லுது, நேரா இருக்கே. முள்ளு சொல்லுது, விழறே. நான் முள்ளை நம்பலே. முள்ளு உடைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

மேகத்தை விட்டு வெளியே விழுந்தபோது பூமி கீழே இல்லையாம். இடப்பக்கம் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றதாம். புல்லில் நின்ற ஆடுகளை அந்தச் சுவரில் பார்த்தாராம். எப்படியோ தப்பித்தார். இரண்டாம் தடவையும் அப்படியே. அதே வாரத்தில் அறைத் தோழன் ஒருவன் மேகத்துக்குள் போனான், வரவில்லை. மூன்றாம் தடவை உள்ளே போ என்றபோது இவர் மறுத்துவிட்டார். பயந்தவன் என்று காகிதத்தில் எழுதி அனுப்பிவிட்டார்கள். அதை அவருடைய அப்பா வாசித்தாராம். அதற்குச் சில வருஷம் கழித்து அவரை இங்கே கப்பலேற்றிவிட்டார்கள்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் இரங்க வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ, நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. எனக்கு அந்த ஆடுகளையும் சுவரையும் பற்றிக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது உண்மைதான். ஆனால் அதற்கு மேல் வேறொன்று ஏறிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்கு முதல் நாளே தெரியும். லாரி உருளுகிறது என்று நான் கத்திய அன்றே தெரியும். தெரிந்துகொண்டே என் வாயை முகர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை நாள் நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தது மிச்சமாகியிருக்கும்.

"இதைப் பெரிய தொரைகிட்ட சொல்லுங்க" என்றேன். "நீங்கதான் ஓட்டுனீங்கன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அவர் நிமிர்ந்தார். தன்னைப் பற்றி இன்னொரு காகிதம் எழுத வேண்டுமா என்று கேட்டார். என்னைப் பற்றி ஒன்று எழுதியாகிவிட்டதே துரை என்றேன். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். தன்னைப் பற்றித் தப்பாக எழுதினால் எப்படி இருக்கும் என்று அனுபவித்துத் தெரிந்தவர் அவர். தெரியாதவர் செய்திருந்தால்கூட நான் இவ்வளவு நாள் மனதில் வைத்திருக்க மாட்டேன்.

லாரியைச் சரிபண்ணி, பதுளையிலிருந்து ஒரு டிரைவரைக் கொண்டுவந்தார்கள். முதல் மூட்டம் வருவதற்குள் அவரிடம் போய்க் கான் கல்லைப் பற்றிச் சொன்னேன். லாரியைக் கவிழ்த்தவன் எனக்குப் பாடம் சொல்கிறாயா என்று கேட்டார். பத்து நாளில் மலைப்பக்கம் மோதி விளக்கை உடைத்துக்கொண்டு வந்தார். பிறகு கிளீனர் தானாகவே இடப்பக்கப் படியில் நிற்கத் தொடங்கினாராம். அதை அவர் என்னிடம் சொல்ல வந்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது தப்புத்தான். அவரும் அதற்குப் பிறகு வரவில்லை.

சின்னதுரை அடுத்த வருஷமே வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். நாங்களும் அதற்குச் சில மாதம் கழித்துத் தோட்டத்தை விட்டுப் பதுளைக்கு வந்தோம். பதுளையில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் பசறைத் தோட்டங்களுக்கு அரிசியும் சாமானும் அனுப்ப ஒரு லாரி வாங்கியிருந்தார். ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடை வாசலில் நிற்க வைத்துப் பேசினார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண் விரிந்தது.

"அங்க லாரியைக் கவுத்தது நீங்கதானா தம்பி?"

இல்லை என்றேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன். ஸ்டோர் வாசலில் இடம் மாறியது, வளைவு, கான், எஞ்சின் அறை எல்லாம். வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேரைக் காக்க வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் புன்னகையோடு என் நல்ல தோளில் தட்டினார்.

"சரி, சரி. நீங்க ஓட்டல. ஒருக்கா விழுந்த ஆளு கவனமா இருப்பாரு, எனக்கு அப்பிடி ஆளுதான் வேணும். நாளைக்கு வெள்ளன வாங்க."

நான் மறுபடியும், மொதலாளி, நிஜமாகவே நான் ஓட்டவில்லை என்றேன். அவர் அதற்குள் வாடிக்கைக்காரர் பக்கம் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வேலை கிடைத்ததே என்று அவளுக்குச் சந்தோஷம். அவர் என்ன நினைத்தால் என்ன, ஓட்டப் போவது நீங்கள்தானே என்றாள். அவள் சொன்னது சரி. மறுநாள் வெள்ளனப் போய்ச் சேர்ந்தேன். பசறை ரோட்டில் அவருடைய லாரியைப் பல வருஷம் ஓட்டினேன், ஒருதரமும் ரோட்டை விட்டு இறக்கவில்லை. ஒவ்வொரு மூட்டக் காலத்திலும் அவர் புது ஆட்களிடம் என்னைக் காட்டி, ஒருமுறை கவிழ்த்தவர், இவரிடம் கேட்டுப் பழகுங்கள் என்பார். முதல் சில வருஷம் நான் மறுத்துச் சொன்னேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். அந்தப் புது ஆட்களுக்கு முதல் நாளே, மூட்டத்தில் உங்கள் உடம்பு பொய் சொல்லும், நிற்கிற லாரி உருளும், நேரான ரோடு வளையும், அது உங்கள் குறையில்லை என்று சொல்லிவிடுவேன். அவர்கள் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் முகம் வெளுத்து என்னிடம் திரும்பி வருவார்கள்.